மேலே போனவர்களுக்குச் சோறு

என்னோடு மலாயாவுக்குக் கப்பலேறியவை பதினோரு மரப்பெட்டிகள். அத்தனையிலும் தமிழ் எழுத்து. சென்னையில் எங்கள் பட்டறையில் ஈயத்தில் வார்த்தவை. மலாக்காவில் ஓர் அச்சகத்துக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அறைப்பெட்டிகளில் பிரித்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வா என்று முதலாளி என்னை அனுப்பினார். நான் மெய்ப்புத் திருத்துகிறவன். இருபது வருஷமாகப் பிறர் பிழையைப் பிடித்தே சோறு தின்கிறவன். அந்தத் திமிர் எனக்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

துறைமுகத்திலிருந்து மலாக்காவுக்குள் நுழைவதற்குள் லாரியை மூன்று இடத்தில் மறித்தார்கள். மூன்று இடத்திலும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "இவ்வளவு ஈயம் எதற்கு? குண்டு வார்க்கவா?" என்று கேட்டார்கள். ஒரு சிப்பாய் 'ழ' ஒன்றைப் பொறுக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் வாயில் வராத எழுத்து அது. அவனிடம் என்னவென்று விளக்குவேன்? சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த ராமையா என் தொடையில் கிள்ளினான்.

ராமையா அச்சகத்தின் வண்டியோட்டி. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து நகரத்துக்கு வந்தவன். தமிழும் மலாயும் கலந்து வழியும் நாக்கு அவனுக்கு. "சார், இங்க மாத்தாக்காரங்க முன்னாடி சிரிக்காதீங்க லா. அழவும் செய்யாதீங்க. சும்மா நில்லுங்க" என்றான். மாத்தா என்றால் போலீஸ் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருஷம் மலாயாவில் அவசரகாலம் இன்னும் தீரவில்லை. அடுத்த வருஷம் சுதந்திரம் என்று மூலைக்கு மூலை பேச்சு. ஆனால் காட்டுக்குள் கொரில்லாக்கள், ரோட்டில் துப்பாக்கிகள். காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டே பணிய வைப்பது என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. மலாக்காவில் கெடுபிடி தளர்ந்துவிட்டது. அதை வெள்ளைப் பகுதி என்றார்கள். எல்லை தாண்டினால் கறுப்புப் பகுதி. அங்கே சமைத்த சோற்றை ஒரு பொட்டலம் ரோட்டில் எடுத்துப் போனாலும் குற்றம். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்ததாகச் சந்தேகம் வந்தால் விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளலாம். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்குச் சோறு ஒரு கள்ளக்கடத்தல் சாமான் என்பது மனதில் ஏறவே இல்லை.

அச்சகம் ஜாலான் துக்காங் எமாஸில் இருந்தது. ஒரே தெருவில் பிள்ளையார் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும். அச்சகத்தின் முதலாளி முத்தையா செட்டியார் தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பம். எனக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தார். மறுநாள் காலை இட்லி வரும் என்று நம்பி உட்கார்ந்தேன். வந்தது வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு, மேலே வறுத்த நெத்திலி, ஓரத்தில் நெருப்பு நிறத்தில் ஒரு துவையல். விடிந்தும் விடியாததுமாக நெத்திலி! இரண்டாம் நாள் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் இன்னொரு பொட்டலம் கேட்டேன்.

இரண்டாம் நாள் பகலில்தான் தாமோதரம் பிள்ளை வந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நெற்றியில் விபூதி, இடுப்பில் பூப்போட்ட கைலி, தலையில் மடித்துக் கட்டிய துணி. முகத்தைப் பார்த்தால் கும்பகோணத்தில் எந்தக் கடையிலும் பார்க்கலாம். "வாங்க, உட்காருங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இவுங்க மலாக்காச் செட்டி" என்றார் முத்தையா செட்டியார். "நம்ம மாதிரி இல்ல. பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்தவுங்க. சாமி நம்ம சாமி. பேச்சு மலாய்ப் பேச்சு. நாங்க நேத்து வந்த ஆளுங்க, இவுங்கதான் பழைய ஆளுங்க."

செட்டி என்கிறார், பெயரோ பிள்ளை. என் கையில் இருந்த சிவப்புப் பென்சில் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரு மரப் பலகையில் மலாய் வரிக்குக் கீழே எழுத வேண்டிய தமிழ் வரியாம். யாரோ பார்த்து வரைந்து கொடுத்திருக்கிறார்கள்: 'கடலிள் மான்ட எங்கல் மக்கலுக்கு.' நாலு சொல்லில் நாலு பிழை. நாலையும் திருத்திக் கொடுத்தேன். பிள்ளை காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பெருமை பொங்கியது. ராமையா குறுக்கே நின்று மொழிபெயர்க்க, கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன் மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அதைப் பிடிக்க டச்சுக்காரர்கள் கப்பல்களோடு வந்தார்கள். கோவாவிலிருந்து போர்த்துக்கீசியப் படை வந்தது. தஞ்சோங் துவான் முனைக்கு வெளியே, நடுக்கடலில், கப்பலோடு கப்பல் கொக்கி போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கப்பல் எரிந்து மூழ்கின. இதுவரை புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை வீட்டுக் கதை புத்தகத்தில் இல்லாதது. போர்த்துக்கீசியக் கப்பல்களில் பாய் கட்டவும் தண்ணீர் இறைக்கவும் வெடிமருந்து சுமக்கவும் நாகப்பட்டினக் கரையின் ஆட்கள் இருந்தார்களாம். அதில் ஒருவர் அவருடைய முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். கப்பலேறியவர் மறுபடி கரையேறவில்லை.

நகரத்துப் பெரிய மனிதர்கள் அந்தச் சண்டைக்குக் குன்றின்மேல் ஒரு பித்தளைத் தகடு பதிக்கப் போகிறார்கள். அதில் இரண்டு தேசத்துத் தளபதிகளின் பெயர் இருக்கும். தண்ணீர் இறைத்தவன் பெயர் எங்கே இருக்கும்? அதனால் காஜா பேராங் பகுதியில் இருக்கும் செட்டிகளும் உஜோங் பாசிரில் இருக்கும் போர்த்துக்கீசிய வம்சத்து மீனவர்களும் சேர்ந்து தாங்களே ஒரு பலகை நடுவது, கடலில் போனவர்களுக்குச் சோறு படைப்பது என்று தீர்மானித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பிள்ளை வீட்டில் எனக்கு விருந்து. காஜா பேராங்குக்குப் பேச்சாவில் போனேன். மூன்று சக்கர வண்டி. மிதிக்கிறவர் பக்கத்தில் நாம் குழந்தை மாதிரி உட்கார வேண்டும். பாதி வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய் தப்பித்தது, நான் சாக்கடையில் இறங்கினேன். ஒரு கால் கறுப்பும் ஒரு கால் வெள்ளையுமாக விருந்துக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிள்ளையின் மனைவி மீனாட்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கைலியும் மேலே வலைப்பின்னல் வைத்த நீளச் சட்டையுமாக மலாய்ப் பெண் மாதிரி இருந்தார் அந்த அம்மாள். நெற்றியில் மட்டும் குங்குமம். அவர் வைத்த மீன் குழம்பில் புளி எங்கள் ஊர்ப் புளிதான், மணம் வேறு. முன்னோருக்குப் படைப்பதை அவர்கள் 'பர்ச்சு' என்றார்கள். 'படைச்சு' என்பதே மலாய் நாக்கில் உருண்டு உருண்டு அப்படி ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பர்ச்சுச் சமையலை உப்புப் பார்க்கக்கூடத் தொடமாட்டார்களாம். போனவர்கள் முதலில் சாப்பிட வேண்டும். பிறகுதான் வீட்டார் உட்கார வேண்டும். "உப்புக் குறைஞ்சா?" என்று கேட்டேன். மீனாட்சி அம்மாள் மலாயில் ஏதோ சொல்ல, எனக்கு முன்பே அங்கே வந்திருந்த ராமையா சிரித்தான். "போனவுங்க குறை சொல்லமாட்டாங்களாம் சார். இருக்கிறவுங்கதான் சொல்லுவாங்களாம்."

சாயங்காலம் அந்தப் போர்த்துக்கீசிய வம்சத்து மீனவர்களில் ஒருவரான டொமிங்கோவைப் பார்க்க உஜோங் பாசிருக்குப் போனோம். கரையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். தஞ்சோங் துவானுக்கு வெளியே ஓரிடத்தில் வலை போட்டால் கிழிந்துதான் வரும் என்றார், ராமையா வழியாக. ஒரு தடவை வலையோடு ஒரு கறுத்த மரத்துண்டு வந்ததாம், செப்பு ஆணியோடு. அந்த இடத்துக்குத்தான் அவர் படகில் பிள்ளையும் சோறும் போக வேண்டும். "என் பாட்டன் கேப்டன், இவர் பாட்டன் தண்ணி இறைத்தவர்" என்று சொல்லிப் பிள்ளையின் முதுகில் தட்டினார். "மீனுக்கு இரண்டும் ஒன்றுதான்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பிள்ளையின் சிரிப்பு கண்வரை போகவில்லை. காரணம் மறுநாள் தெரிந்தது. தஞ்சோங் துவான் மலாக்காவைச் சேர்ந்த முனைதான். ஆனால் தரைவழியாக அங்கே போகக் கறுப்புப் பகுதியைத் தாண்ட வேண்டும். அத்தனை தூரம் படகில் கொண்டுபோனால் சோறு ஊசிப்போகும். பிள்ளை துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அந்தச் செல்வாக்கை வைத்து, அலைந்து, கெஞ்சி, சமைத்த உணவு கொண்டுபோக ஒரே ஒரு நாளைக்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். சமயச் சடங்குக்கான உணவு, எந்த ஆளுக்கும் கொடுக்கப்படமாட்டாது, வழியில் எங்கும் வைக்கப்படமாட்டாது என்று எழுதி அடியில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தச் சீட்டை என்னிடம் காட்டினார்.

"ஐயா சொல்றாரு" என்றான் ராமையா, "இதுல ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா வேலையும் போயிடும், ஆளும் உள்ள போயிடுவாராம். ரொம்ப சூசா, கஷ்டம் சார். ஆனா நீங்க கட்டாயம் வரணுமாம்."

"நான் எதுக்கு?"

பிள்ளை என்னைப் பார்த்து, "தம்பி" என்றார். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. பலகை நேராக நிற்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை அச்சகத்தின் காரில் கிளம்பினோம். முன்சீட்டில் ராமையாவும் நானும். பின்னால் பிள்ளை, மீனாட்சி அம்மாள், நடுவில் மூன்று பெரிய பாத்திரங்கள், ஒரு கட்டு வாழையிலை. கூரைமேல் பலகை. டொமிங்கோ முன்னாடியே படகில் போய்விட்டார். மூன்று மணிக்குமேல் நீர் வடிந்துவிடும், அதற்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். மசாலா மணம் வண்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் காலையிலிருந்து பட்டினி.

பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. ராமையா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் லயத்துக்கு ஓடித் தண்ணீர் கேட்டான். சமைத்த மணம் வரும் வண்டி என்று தெரிந்ததும் அங்கிருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வாய்க்காலில் மொண்டு ஊற்றினோம். ஒரு மணி நேரம் போயிற்று. பிள்ளை கடிகாரத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மாள் மட்டும் பாத்திரத்தின்மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே இருந்தார்.

எல்லையில் முள்கம்பித் தடுப்பு. ஒரு மலாய் சார்ஜெண்ட், நாலைந்து கான்ஸ்டபிள்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பை பையாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. சார்ஜெண்ட் சீட்டை இரண்டு தடவை படித்தார். பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நாலு பேர் போகிற வண்டியில் இருபது பேர் சாப்பிடுகிற சோறு. பிள்ளையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டுபோய் மலாயில் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ராமையாவைப் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் தனியே நின்றேன்.

ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் என்னிடம் வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். எலும்பு துருத்திய முகம்.

"ஊர்க்காரரா? இந்தியாவா?"

தமிழ் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. "ஆமாங்க, மெட்ராஸ்" என்றேன்.

"இவ்வளவு சோறு யாருக்கு?"

எங்கள் பக்கத்தில் செத்தவர்களைச் செத்தவர்கள் என்று பட்டென்று சொல்வது மரியாதை இல்லை. படையல் சமாச்சாரத்தில் அபசகுனமும்கூட. அதனால் பவ்யமாகச் சொன்னேன்: "மேலே போனவங்களுக்குத்தான்."

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

"எத்தனை பேரு?"

"அது யாருக்குத் தெரியும்? நூத்துக்கணக்குல இருப்பாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அந்த முனைக்கிட்டதான். வேற எங்க போவாங்க, அங்கேயேதான் இருக்காங்க. படகு காத்துக்கிட்டு இருக்கு."

"இதுக்கு முன்னாடியும் குடுத்திருக்கீங்களா?"

"பிள்ளை குடும்பம் வருஷா வருஷம் விடாம போட்டுக்கிட்டு வருது" என்றேன். அவருக்கு நல்லது செய்கிற நினைப்பு எனக்கு.

கான்ஸ்டபிள் திரும்பி உரக்க ஏதோ சொன்னார். அடுத்த நொடி இரண்டு துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. பிள்ளையின் கையைப் பின்னால் பிடித்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ரோட்டோரம் ஒதுங்கினார்கள்.

ராமையா வண்டிக்குப் பின்னாலிருந்து கத்தினான். "சார், என்ன சொன்னீங்க? மேல போனவன்னா இங்க காட்டுக்குப் போனவன் சார்! மலைமேல துப்பாக்கி தூக்கப் போனவன்!"

"செத்தவங்களைச் சொன்னேன்! செத்தவங்க! கடல்ல செத்தவங்க!" என்று அலறினேன்.

"இப்ப மாத்திப் பேசுறீங்க" என்றார் கான்ஸ்டபிள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. நான் கெடுத்தது இன்னொருவரை. சீட்டில் இருந்த கையெழுத்து அவருடையது. எவனோ ஒரு மெட்ராஸ்காரன் வாயைத் திறந்ததால் இருபத்தெட்டு வருஷ உத்தியோகமும் மிச்ச ஆயுளும் போகப் போகிறது. பிள்ளை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ராமையா முன்னால் வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். முன்னூற்றைம்பது வருஷம், கப்பல், நெருப்பு எல்லாம் வந்தது. கூரைமேல் இருந்த பலகையை இறக்கிக் காட்டினான். சார்ஜெண்ட் நிதானமான மனிதர். மலாய் வரியைப் படித்தார், கான்ஸ்டபிளை விட்டுத் தமிழ் வரியைப் படிக்கச் சொன்னார். அவர் சொன்னதை ராமையா எனக்குச் சொன்னான்:

"நம்புறாராம், பாதி. ஆனா இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு சோத்தைத் தாண்ட விடமாட்டாராம். சோறு செத்தவுங்களுக்குன்னா நாமளே இங்கேயே அவர் கண்ணு முன்னாடி சாப்பிட்டு முடிக்கணுமாம். ஒரு பருக்கை மிஞ்சினாலும் எல்லாரும் ஸ்டேஷனுக்காம்."

நான் பாத்திரத்தை நோக்கி ஓர் அடி எடுத்தே விட்டேன். பசியும் இருந்தது, பயமும் இருந்தது. ஆனால் பிள்ளை தலையை ஆட்டினார். மாட்டேன் என்கிறார். போனவர்களுக்கு வைக்காமல் அந்தச் சோற்றில் கை வைக்கமாட்டாராம். ஸ்டேஷனுக்கே போகலாம் என்றார். சார்ஜெண்ட் பொறுமை இழந்து போலீஸ் லாரியைக் கைகாட்டினார். "அண்ணே, பிடிவாதம் வேண்டாம்" என்று நான் கெஞ்சினேன். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. கும்பிட்ட கை புரிந்திருக்கும். அவர் அசையவில்லை.

அப்போது மீனாட்சி அம்மாள் வண்டியிலிருந்து இறங்கினார். யாரையும் கேட்கவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று ராமையாவிடம் மட்டும் கேட்டார். வாழையிலைக் கட்டைப் பிரித்து, முள்கம்பிக்குப் பக்கத்தில் ரோட்டோரப் புல்லில், மேற்கே பார்க்க வரிசையாக விரிக்க ஆரம்பித்தார். சார்ஜெண்டைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். குரல் உயரவே இல்லை.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"சாப்பிட்டு முடிக்கணும், அவ்வளவுதானே, முடிச்சிடுறோம். ஆனா வீட்டுக்கு வந்தவுங்களுக்கு முதல் பந்தி, எங்களுக்கு ரெண்டாம் பந்தின்னு சொல்றாங்க."

சார்ஜெண்ட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு சிகரெட் பற்ற வைத்தார். அதுவே அனுமதி.

இலையில் சோறு விழுந்தது. மீன், துவையல், வெல்லம் போட்ட பணியாரம். பிள்ளையின் கையை விட்டார்கள். அவர் நேரே என்னிடம் வந்தார். இந்தத் தடவை நிறையப் பேசினார். ராமையா நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "எங்களுக்கு மலாய்தான் தெரியும். கப்பலில் போனவர்களுக்கு மலாய் தெரியாது. தலைமுறை தலைமுறையாக நாங்கள் கூப்பிட்டது அவர்களுக்குப் புரிந்ததா, வந்தார்களா, எங்களுக்குத் தெரியாது. பலகைக்காக உங்களை அழைத்து வரவில்லை. நீங்கள் கூப்பிடுங்கள்."

இப்படியொரு வேலை என் வாழ்நாளில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அதுவும் அந்த வாயால் அத்தனையையும் கெடுத்த பிறகு. என்ன சொல்வது? எந்த மந்திரமும் எனக்குத் தெரியாது.

பின்னால் பூட்ஸ் சத்தம். அந்தத் தமிழ்க் கான்ஸ்டபிள். சார்ஜெண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உதடு அசையாமல் பேசினார்.

"சார், இன்னொரு எலை போடச் சொல்லுவீங்களா?"

"யாருக்கு?"

"என் தம்பிக்கு. மேல போனவன் சார். நெசமாவே மேல போனவன்." "சுட்டுட்டாங்க. பொணத்தைக்கூடக் குடுக்கல. இந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு நான் போயி எப்படிக் கேக்கிறது? வீட்டுல ஒரு வெளக்குகூட ஏத்தல."

நான் மேலே போனவர்கள் என்று சொன்னபோது அவர் முகம் வெளுத்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பேரு?" என்றேன்.

"சின்னராசு."

மீனாட்சி அம்மாளிடம் போய் ஒரு விரலைக் காட்டினேன். ஒன்று கூட. அவர் என் முகத்தைப் பார்த்தார், கான்ஸ்டபிளைப் பார்த்தார், ஓர் இலையை எடுத்து வரிசையின் கடைசியில் விரித்தார். மற்ற இலைகளுக்கு வைத்த அளவே அதிலும் வைத்தார். சார்ஜெண்ட் அதட்டினார். அது யாருக்கு, எண்ணி வைத்த பிறகு ஏன் இன்னொன்று என்று கேட்டாராம். மீனாட்சி அம்மாள் ஒரு சொல்லில் பதில் சொன்னார். "வழக்கம்."

நான் கையைக் கூப்பினேன். அச்சில் ஏறுகிற தமிழ் ஒன்றும் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கம் இருப்பவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற தமிழ்தான் வந்தது.

"அண்ணன்மாரே, தம்பிமாரே, கடல்ல போனவங்களே, வாங்க. ரொம்ப தூரம் போயிட்டீங்க. வந்து உக்காருங்க. சோறு ஆறுது, வாங்க." குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு அதே ராகத்தில், ஒரே மூச்சில் சொன்னேன்: "சின்னராசு, நீயும் வாப்பா. உங்க அண்ணன் இங்கதான் நிக்கிறாரு."

சார்ஜெண்டுக்குத் தமிழ் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி எந்தப் பரீட்சைக்கும் வேண்டியதில்லை. பஸ்காரர்கள் கூட்டத்தில் தமிழ் தெரிந்த, ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுப் பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளை அழுதார். மறைக்காமல், குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன்.

பிறகு சாப்பாடு. நாலு பேரால் முடிகிற காரியமா? மீனாட்சி அம்மாள் பஸ்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சீனக் காய்கறிக்காரர் ஒருவர், பால்வெட்டுப் பெண்கள், டிரைவர் எல்லோரும் புல்லில் உட்கார்ந்து, துப்பாக்கிகளுக்கு நடுவே, அவசர அவசரமாகத் தின்றோம். குழம்பில் உப்புக் குறைவுதான். யாரும் சொல்லவில்லை.

கடைசி இலை மட்டும் அப்படியே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. சார்ஜெண்ட் விரலை நீட்டினார். ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. கான்ஸ்டபிள் போய்க் குந்தினார். துப்பாக்கி தோளில் தொங்க, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த இலையை வழித்துச் சாப்பிட்டார். சார்ஜெண்ட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரோட்டின் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். காலிப் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தார்.

தஞ்சோங் துவானுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் வடிந்திருந்தது. படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. டொமிங்கோ அதன் நிழலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, கடல் தெரிகிற இடத்தில், பலகையை ஒரு மரத்தில் அறைந்தோம்.

பிள்ளை தண்ணீரில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு வந்தார். ராமையாவைக் கூப்பிட்டார். "கடைசியில் ஒரு பேர் சொன்னீங்களே, அது யாருன்னு கேக்கிறாரு" என்றான் ராமையா. பக்கத்தில் நின்று கான்ஸ்டபிள் சொன்னதைக் கேட்டிருந்தவன், என்னைக் கேட்காமலே முழுதையும் மலாயில் சொல்லியும் விட்டான். எனக்குத் திக்கென்றது. காட்டுக்காரனுக்குச் சோறு போட்டார் என்ற பழியில் சற்று முன்னே சிறையின் வாசல்வரை போய் வந்தவர். அவருக்கே தெரியாமல் அந்தச் சோற்றையே போட வைத்திருக்கிறேன்.

பிள்ளை கடலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் மெல்ல, எழுத்தெழுத்தாகத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எங்கள் ஆட்களில் ஒருவர் பேரும் எங்களுக்குத் தெரியாது, தம்பி" என்றார், ராமையா வழியாக. "தெரிந்த பேர் ஒன்றாவது இருக்கட்டும்."